கொலனோஸ்கோபிக்கு முந்தைய இரவும் பித்தநீரும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கொலனோஸ்கோபிக்கு, அதாவது கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கு, தேதி கிடைத்துவிட்டால், முதல் வேலை அடுப்பங்கரையில்தான். மூன்று நாளைக்கு முன்பே சுகர் பீன்ஸ் கறி, பருப்பு, விதை, தோல் எல்லாம் நிறுத்த வேண்டும். சோறு, முட்டை, தோல் சீவிய உருளைக்கிழங்கு போதும். புரட்டாசி விரதத்தில் தேதி விழுந்தாலும் தள்ளிப்போடாதீர்கள், சமையலை மாற்றுங்கள். இரும்புச்சத்து மாத்திரை ஒரு வாரம் முன்பே நிற்கட்டும். சர்க்கரை மாத்திரையையும் ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தையும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

முந்தைய நாள் பால் விடாத ரூயிபோஸ் மூலிகை டீ, ஆப்பிள் ஜூஸ், துணியில் வடித்த காய்கறிச் சாறு மட்டும். சிவப்பு, ஊதா நிற ஜெல்லி ஆகாது. உள்ளே ரத்தம்போலத் தெரியும்.

பேதி மருந்துப் பொடி பெரும்பாலும் நான்கு பாக்கெட், பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். மாலையில் இரண்டு லிட்டர். காலை பத்து மணிக்குப் பரிசோதனை என்றால் ஐந்து மணிக்கு மீதி இரண்டு. கால் மணிக்கு ஒருமுறை 250 மி.லி. குமட்டினால் அரை மணி நிறுத்தி, குளிரவைத்து ஸ்ட்ராவில் உறிஞ்சலாம்.

“ராத்திரியே சுத்தமாகிவிட்டதே” என்று பலர் விடுவது அந்த விடிகாலை மருந்தைத்தான். ஆனால் கல்லீரல் தூங்குவதில்லை. அது சுரந்து இரவில் இறங்கும் பித்தநீரும் குடலின் சளியும் வலப்பக்கப் பெருங்குடலில் மஞ்சளாகப் படியும். தட்டையான பாலிப்புகள் (குடல் சுவரில் வளரும் சிறு சதைகள்) அதனடியில் மறைந்துவிடும். கடைசியில் சிறுநீர்போலத் தெளிந்த மஞ்சளாகப் போனால் சரி, அது பித்த நிறம்தான். பழுப்பாகக் கலங்கிப் போனால் கிளம்புமுன் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.

இந்தப் பித்தத்துக்கு வேறொரு முகமும் உண்டு. அதன் அமிலங்களில் சுமார் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மிச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் டிஆக்ஸிகோலிக், லித்தோகோலிக் அமிலங்களாக மாற்றுகின்றன. அளவு மிஞ்சினால் இவை குடல் சுவர் செல்களின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும். சாப்பாட்டில் கொழுப்பு கூடக் கூடப் பித்தமும் கூடும். 2015இல் வெளியான ஆய்வொன்றில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்துக் கிராமத்தார் 20 பேருக்கும் ஆப்பிரிக்க அமெரிக்கர் 20 பேருக்கும் இரண்டு வாரம் உணவை மாற்றிக் கொடுத்தார்கள். நார்ச்சத்து மிகுந்த கிராமத்து உணவு அமெரிக்கர்களின் குடலில் இந்த அமிலங்களைக் குறைத்தது. கொழுப்பு மிகுந்த உணவு நம்மவர்களுக்கு ஏற்றிவிட்டது. புற்றுநோயே வந்தது என்றல்ல, அந்த அபாயத்தைக் காட்டும் மாற்றங்கள். அதுவும் இரண்டே வாரத்தில்!

ஆகவே பரிசோதனை முடிந்து டாக்டர் சரி என்றதும் பீன்ஸ் கறி மறுபடி அடுப்பேறட்டும், எண்ணெய் மட்டும் அளவாக. மயக்க மருந்து தந்தால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, டாக்டர் சொன்னதும் நினைவில் நிற்காது. கூட வருபவர் பாலிப் எத்தனை, என்ன அளவு, அடுத்த பரிசோதனை எப்போது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.