22 ஜம்ப் ஸ்ட்ரீட்டுக்குத் தமிழ் சப்டைட்டில்: இதுவரை செய்தது

பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், ஆயுதப்படையில் காவலர். ஆங்கிலம் வாசிப்பார். ஆனால் அமெரிக்கர்கள் வேகமாகப் பேசும்போது பாதி பிடிபடாது. பொங்கலுக்கு வந்திருந்தபோது இந்தப் படத்தைப் போட்டேன். இருபது நிமிடம் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் மஃப்டில போறானுங்க, அது புரியுது. என்ன பேசிக்கிறானுங்கன்னு நீ தமிழ்ல எழுதிக் குடுடா, உட்கார்ந்து பாக்கறேன்" என்றார். மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். மூன்று மாதமாக இரவு ஒரு மணி நேரம் இதற்குத்தான்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1987 முதல் 1991 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த தொடர் 21 ஜம்ப் ஸ்ட்ரீட். ஜானி டெப்புக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதுதான். இளமையான முகம் கொண்ட போலீஸ்காரர்களை மாணவர்கள் மாதிரி பள்ளிக்குள் அனுப்புவார்கள். தொடர் கொஞ்சம் சீரியஸாகத்தான் போகும். 2012-ல் பில் லார்டும் கிறிஸ்டோபர் மில்லரும் அதை நகைச்சுவைப் படமாக எடுத்தார்கள். 2014-ல் வந்த இரண்டாவது படமான இந்த 22-ல் அதே இரண்டு பேர், ஷ்மிட்டும் ஜென்கோவும், கல்லூரிக்குப் போகிறார்கள். ஷ்மிட்டாக ஜோனா ஹில், குள்ளமாக, பயந்த சுபாவத்தோடு, படிப்பாளியாக. ஜென்கோவாக சானிங் டேட்டம், வாட்டசாட்டமாக, யோசிக்காமல் பாய்கிறவனாக. கல்லூரியில் ஒரு போதை மருந்து புழங்குகிறது, அதை விற்பவனைப் பிடிக்க வேண்டும்.

முதல் பத்து நாள் தொழில்நுட்பத்திலேயே போயிற்று. சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில்தான் எழுதுகிறேன். ஒரு வரிக்கு 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி என்பது ஆங்கிலத்தில் பரவலாக உள்ள கணக்கு. அதையே வைத்துக்கொண்டேன். ஆனால் மென்பொருள் தமிழை எண்ணுகிற விதம் வேறு. 'மச்சான்' நமக்கு நாலு எழுத்து. புள்ளியையும் காலையும் தனித்தனியாக எண்ணினால் ஏழு ஆகிவிடுகிறது. வரி நீளமாக இருக்கிறது என்று சிவப்பு காட்டும், திரையில் பார்த்தால் பாதிக்கு மேல் இடம் காலியாக இருக்கும். கடைசியில் அந்தச் சிவப்பை விட்டுவிட்டு, வாய்விட்டுப் படித்து நேரம் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டரை வினாடிக்குள் நான் நிதானமாகப் படித்து முடித்தால் அண்ணனும் படித்துவிடுவார்.

இன்னொரு சறுக்கல். என்னிடம் இருந்த டிவிடி, வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடுகிற வகை. அண்ணன் வீட்டில் இருப்பது ப்ளூரே, அது வினாடிக்கு 24-க்கும் சற்றுக் குறைவு. அங்கே போட்டுப் பார்த்தபோது தொடக்கத்தில் சரியாக இருந்த வரிகள் போகப்போக முந்திக்கொண்டன. படம் முடிகிற நேரத்தில் நாலரை நிமிட வித்தியாசம். மென்பொருளிலேயே ஃபிரேம் வேகத்தை மாற்றும் வசதி இருக்கிறது, ஒரே சொடுக்கில் சரியானது.

அப்புறம்தான் உண்மையான வேலை தொடங்கியது.

இரண்டு பேரும் கல்லூரியில் சகோதரர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஆங்கிலத்தில் 'பிரதர்' என்றால் போதும். தமிழில் அண்ணனா தம்பியா என்று முடிவு செய்யாமல் ஒரு வரி எழுத முடியவில்லை. உயரத்தைப் பார்த்தால் ஜென்கோ அண்ணன். அக்கறை, பதற்றம், கூட இல்லாவிட்டால் தேடுவது, இதையெல்லாம் பார்த்தால் ஷ்மிட்தான் மூத்தவன். நாலு நாள் மாற்றி மாற்றி எழுதினேன். கடைசியில் வெளி ஆட்கள் முன்னால் 'கூடப் பிறந்தவன்' என்று போட்டேன். வயதைச் சொல்லாத சொல். அவர்களுக்குள் தனியாகப் பேசும்போது 'மச்சான்', 'டா'.

மேலதிகாரி கேப்டன் டிக்சன். ஐஸ் கியூப் நடித்திருக்கிறார், படம் முழுக்க உறுமல்தான். முதலில் 'கேப்டன்' என்றே எழுதினேன். அண்ணனிடம் மாதிரிக்குக் காட்டிய பத்து நிமிடத்தில், அந்த வார்த்தை வரும்போதெல்லாம் அவர் விஜயகாந்தை நினைத்துச் சிரித்தார். 1991-ல் கேப்டன் பிரபாகரன் வந்ததிலிருந்து அந்தப் பட்டம் நம் ஊரில் ஒருவருக்கே உரியது. "நாங்க மேல உள்ளவங்கள ஐயான்னுதான் கூப்பிடுவோம். அதையே போடு" என்றார். எல்லா இடத்திலும் 'ஐயா' என்று மாற்றினேன். பெற்றோர் வருகிற நாளில், ஷ்மிட் பழகிய மாயா அந்த மேலதிகாரியின் மகள் என்று தெரியவருகிறது. ஜென்கோ விழுந்து விழுந்து சிரிக்கிற அந்தக் காட்சியில் 'ஐயாவோட பொண்ணு' என்று எழுதியதும் ஆங்கிலத்தைவிடக் கனம் கூடிவிட்டது. ஒரு காவலர் அந்தச் சொல்லைப் படிக்கும்போது வயிற்றில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

மாயாவின் அறைத்தோழி ஷ்மிட்டைப் பார்க்கும்போதெல்லாம் வயசைச் சொல்லிக் குத்துகிறாள். ஒவ்வொரு தடவையும் புதுப் புது உவமை. இதற்கு நான் அதிகம் மண்டையை உடைக்கவில்லை. 'அங்கிள்' என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டேன். முப்பது வயது ஆணை இருபது வயதுப் பெண் அங்கிள் என்றால் அதற்கு மேல் உவமை வேண்டியதில்லை.

கைவிட்டவையும் உண்டு. 'முழு அதிகாரம்' என்று பொருள்படும் 'கார்ட் பிளாஞ்ச்' என்ற பிரெஞ்சுத் தொடரை, ஜென்கோ கேட் பிளாஞ்செட் என்ற நடிகை பெயராகப் புரிந்துகொள்வது அதில் ஒன்று. இரண்டு வாரம் யோசித்தும் தமிழில் உட்காரவில்லை. நடிகை பெயரை மட்டும் வைத்துவிட்டு ஓசை விளையாட்டை விட்டுவிட்டேன். விட மனமே இல்லை.

எனக்கு இந்தப் படத்தில் உயிராகத் தெரிவது அவர்கள் சண்டை. முதல் படத்தின் பள்ளிக்கூடக் கதையில் ஷ்மிட்டுக்குக் கூட்டம் சேர்ந்தது, ஜென்கோ தனியாக நின்றான். கல்லூரியில் தலைகீழ். ஜென்கோவுக்கு அமெரிக்கக் கால்பந்து அணி கிடைக்கிறது, அவனைப் போலவே ஒரு நண்பன் கிடைக்கிறான். ஷ்மிட் வெளியே நின்று பார்க்கிறான். பொறாமையும் இல்லை, அதற்கும் கீழே இருக்கிற ஒரு வலி. மனநல ஆலோசகர் அறையில் துப்புத் தேடப் போய் மாட்டிக்கொண்டு, கணவன் மனைவி மாதிரி எதிரெதிரே உட்கார்ந்து குறை சொல்கிறார்களே, அந்தக் காட்சிக்கு மட்டும் ஒன்பது இரவு செலவானது. தனித்தனியாக விசாரிப்போம் என்று அவர்கள் பேசிக்கொள்ளும் இடம், ஆங்கிலத்தில் காதலர் பிரியும்போது சொல்கிற வாசகத்தின் சாயலில் இருக்கும். நம் வீடுகளில் அதற்கு ஒரு வாசகம் உண்டு: 'நமக்குள்ள ஒத்து வரல.' அதைப் போட்டதும் இருவரும் புருஷன் பெண்டாட்டி ஆகிவிட்டார்கள்.

அந்த வேலையில்தான் ஒன்று பிடிபட்டது. ஆங்கில வசனத்தில் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே 'யூ'. தமிழில் நெருங்கியவர்கள் கோபித்துக்கொண்டால் முதலில் போவது 'டா'. அப்புறம் 'நீ' போகும். கடைசியில் 'நீங்க' வரும், அது வந்தால் நிஜமாகவே மனம் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். எழுதியதையெல்லாம் முதலிலிருந்து திருத்தினேன். முதல் பாதியில் 'மச்சான்' தாராளம். ஜென்கோ புது நண்பனோடு திரியத் தொடங்கியதும் ஷ்மிட்டின் வரிகளில் 'டா'வைக் குறைத்தேன். சண்டை முற்றுகிற இடத்தில் ஷ்மிட், "சரி, நீங்க போங்க." அவ்வளவுதான். வசந்த விடுமுறைக் கூட்டத்தின் நடுவே, ஹெலிகாப்டர் காட்சியில் இருவரும் மறுபடி ஒன்று சேரும்போது ஒரே ஒரு 'டா' திரும்பி வருகிறது. அதற்கு முன் முப்பது நிமிடம் அந்த எழுத்தை நான் எங்கேயும் விடவில்லை. தேடிப் பார்த்து இரண்டு இடத்தில் தப்பி நின்றதையும் அழித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் முழுதாகப் போட்டோம். ஏறக்குறைய 2,000 வரி. 'நீங்க' வந்த இடத்தில் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். "என்னடா இது, வாங்க போங்கங்கறான்? ரொம்பக் கோபமா இவனுக்கு?" என்றார். ஆமாண்ணே என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தன்னோடு பயிற்சியில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார், இப்போது எந்த மாவட்டத்தில் இருக்கிறார் என்றுகூடத் தெரியாதாம். அப்புறம் படத்தை ஓட விட்டார்.

மிச்சம் இருப்பது கடைசி எழுத்தோட்டம். இதே இருவரை மருத்துவக் கல்லூரி, சமையல் பள்ளி என்று அனுப்பும் பொய் விளம்பரங்கள் வரிசையாகப் பறக்கும், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு வினாடி. மேல் வரியில் பெயர், கீழ் வரியில் ஒரு சொல் என்று முயன்று பார்க்கிறேன். ஏழு முடிந்திருக்கிறது.