பீடத்தண்டை ஒரு கூடு

'உம்முடைய பீடங்களண்டையில் அடைக்கலான் குருவிக்கு வீடும், தகைவிலான் குருவிக்குத் தன் குஞ்சுகளை வைக்கும் கூடும் கிடைத்ததே' என்கிறது 84-ஆம் சங்கீதம். எபிரேய மூலத்தில் இருப்பது சிறு பறவை எதற்கும் பொருந்தும் சொல். தமிழில் பெயர்த்தவர்கள் அதற்கு அடைக்கலான் குருவி என்று எழுதினார்கள். நம் ஓட்டு வீடுகளின் இறவாரத்தில் குடியிருந்த அதே சிட்டுக்குருவி. பெயரிலேயே அடைக்கலம் இருக்கிறது. இந்தச் சங்கீதத்தை வாசிக்கும் ஆலயங்கள் பலவற்றில் இன்று அதற்கு ஒரு பொந்துகூட இல்லை என்பதுதான் வருத்தம்.

காரணம் கட்டடத்தில் இருக்கிறது. பழைய ஓட்டுக்கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. காங்கிரீட் தளம், ஃபால்ஸ் சீலிங், கண்ணாடி ஜன்னல் என்று புதுப்பித்ததும் அது அடைபட்டது. இடம் கிடைக்காத குருவி உள்ளே வந்து மின்விசிறிக் கம்பியின் மேலே இருக்கும் கிண்ணத்தில் கூடு வைக்கிறது. ஆராதனை தொடங்கி விசிறியைப் போட்டால் அதன் இறக்கையில் அடிபட்டு விழுகிறது. எனவே முதல் வேலை, அந்தக் கிண்ணங்களை இடைவெளி இல்லாமல் கூரையோடு ஏற்றி இறுக்குவது. ஆனால் அதற்கு முன்பே வெளித் தாழ்வாரத்தில் பெட்டிகள் தொங்க வேண்டும். வீடு கொடுக்காமல் கதவடைப்பது தவறு.

பெட்டிக்கு முக்கால் அங்குல மரப்பலகை போதும். பேக்கிங் பெட்டிப் பலகையும் ஆகும். தகரமும் பிளாஸ்டிக்கும் வேண்டாம், ஏப்ரல் வெயிலில் குஞ்சுகள் வெந்துவிடும். அடித்தளம் உள்ளளவில் 5க்கு 6 அங்குலம், உயரம் 8 அங்குலம். முன்பலகையில் தளத்திலிருந்து 5 அங்குலம் மேலே, ஒன்றேகால் அங்குல விட்டத்தில் வட்டத் துளை. இந்த ஓர் அளவில் மட்டும் தாராளம் காட்டக் கூடாது. 2 அங்குலம் போட்டால் மைனா குடியேறிவிடும். அணில் துளையைக் கடித்துப் பெரிதாக்கும் இடங்களில், துளையைச் சுற்றி மெல்லிய தகடு ஒன்றை ஓரம் மழுக்கி அடியுங்கள். துளைக்குக் கீழே அழகுக்காகக் குச்சி வைக்கிறார்கள். குருவிக்கு அது தேவையில்லை, காக்கை உட்கார்ந்து குஞ்சைக் கொத்தத்தான் உதவும். மேற்பலகை 2 அங்குலம் முன்னால் நீண்டு சரிந்திருக்கட்டும். தளத்தின் நான்கு மூலையிலும் கால் அங்குல ஓட்டை, மழைநீர் வடிய. ஒரு பக்கப் பலகையை ஆணியடிக்காமல் திருகாணியில் மாட்டினால் பிறகு திறந்து சுத்தம் செய்யலாம். உள்ளே பெயின்ட் அடிக்க வேண்டாம், வைக்கோலும் திணிக்க வேண்டாம். கூட்டுக்கு வேண்டியதைக் குருவி தானே கொண்டுவரும்.

தரையிலிருந்து 8 முதல் 12 அடி உயரத்தில், மேற்கு வெயில் படாத சுவரில், டியூப் லைட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் தள்ளி மாட்டுங்கள். பூனை தாவ அருகில் மதில் இருக்கக் கூடாது. குருவி கூட்டமாக வாழ்வது, ஆகவே ஒன்றுக்குப் பதில் மூன்று நான்கு பெட்டிகள், இரண்டு இரண்டு அடி விட்டு. சில மாதம் காலியாகவே கிடக்கலாம். பொறுங்கள்.

ஆலயத்தில் எழும் பெரிய எதிர்ப்பு எச்சம்தான். அது நியாயமான குறைதான். கூட்டுக்கு ஓர் அடி கீழே ஒரு பலகைத் தட்டு அடித்தால் பெரும்பகுதி அதில் தங்கிவிடும். ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளை வாரம் ஒருமுறை வழித்தால் போதும்.

பெட்டி மட்டும் வைத்துவிட்டுக் குருவி வரவில்லையே என்று கேட்பவர்கள் வளாகத்தின் தரையைப் பார்க்க வேண்டும். தாய்க்குருவி கம்பு தின்னும். குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியும்தான் ஆகாரம். சுவர் முதல் சுவர் வரை பேவர் பிளாக் பதித்த வளாகத்தில் புழுவுக்கு எங்கே போவது? மதிலோரம் 3 அடி அகலத்துக்கு மண்ணை விட்டு, மருதாணி போல அடர்ந்த செடி வையுங்கள். அதில் ஒரு மூலை வெறும் புழுதியாக இருக்கட்டும், குருவி மண் குளிக்க. கல்லறைத் தோட்டம் இதைவிட முக்கியம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன் பல இடங்களில் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். மழைக்குப் பின் புல் கதிர்விடும் நேரம் அது. ஆளை வைத்து அறுங்கள், கல்லறைகளுக்கு நடுவே நடைபாதையைத் துப்புரவாக்குங்கள், ஒரு பக்கத்துப் புல்லை மட்டும் ஜனவரி வரை விட்டுவையுங்கள். செலவு கொஞ்சம் கூடும். கூடட்டும்.

தண்ணீருக்கு அகன்ற மண்சட்டி, ஆழம் 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல். தினமும் மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும்.

பண்டிகைக்கு வெள்ளையடிக்கும் முன் ஒவ்வொரு பொந்தையும் பாருங்கள். முட்டையிட்டது முதல் குஞ்சு பறக்கும் வரை ஏறக்குறைய நான்கு வாரம். கொடியேற்றத்துக்கு இரண்டு மாதம் முன்பே பார்த்துவைத்தால், கூடுள்ள சுவரைக் கடைசியில் அடிக்கலாம். கூட்டில் தாயும் குஞ்சும் இருக்கக் கண்டால் தாயைப் பிடிக்காதே என்று உபாகமம் 22 சொல்வதை, வெள்ளையடிக்க வருகிறவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மத்தேயு சுவிசேஷத்தில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. ஐந்தாவது கொசுறு, சந்தையில் விலையே இல்லாதது. அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்று இயேசு சொன்ன ஐந்தில் அதுவும் ஒன்று.

குஞ்சு தரையில் விழுந்து கிடந்தால்: இறகு முளைக்காததைக் கையில் எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடலாம். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. இறகு முளைத்துத் தத்துவது பறக்கப் பழகும் குஞ்சு, பூனைக்கு எட்டாத செடியில் விட்டுத் தள்ளி நில்லுங்கள், தாய் இரை கொண்டுவரும். வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிச் செத்துவிடும்.