எந்தத் தூரத்துக்குக் கண்ணாடி வேண்டாம்?

வரும் வாரம் எனக்கு வலக்கண்ணில் புரை அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, தலைக்குக் குளித்து, குறித்த நேரத்தில் துணைக்கு ஓர் ஆளோடு போய்ச் சேர்ந்தால் நம் பங்கு முடிந்துவிட்டது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஆனால், கண்ணுக்குள் பொருத்தப்படும் லென்ஸ் எந்தத் தூரத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்ற முடிவை நோயாளிதான் எடுக்க வேண்டும். அவருடைய அன்றாடம் என்னவென்று அவருக்குத்தானே தெரியும்.

எனக்குச் சிறுவயதிலிருந்தே கிட்டப்பார்வை; கண்ணாடியின் பவர் மைனஸ் 7. அச்சகத்தில் பிழைதிருத்துநராக இருந்த காலமெல்லாம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில் பிடித்துக்கொண்டுதான் மெய்ப்புப் பார்த்தேன். என் வயதினர் வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடி அலைந்தபோது அது எனக்குத் தேவைப்படவில்லை. புரை விழுந்த பிறகு மைனஸ் பவர் மேலும் ஏறியது; கண்ணின் இயற்கையான லென்ஸின் நடுப்பகுதி இறுகும் வகைப் புரையில் இப்படி ஆவதுண்டாம்.

வழக்கமாகப் பொருத்தும், ஒரே தூரத்தை மட்டும் தெளிவாகக் காட்டும் ஒற்றைக் குவிய லென்ஸைப் பெரும்பாலும் தூரப்பார்வைக்குத்தான் கணக்கிடுகிறார்கள். பலருக்கு அதுவே பொருத்தம். வண்டி ஓட்டவும் தொலைக்காட்சி பார்க்கவும் கண்ணாடி வேண்டியதில்லை, படிக்க மட்டும் போட்டுக்கொண்டால் போதும். என்னைப் போன்ற கிட்டப்பார்வைக்காரருக்கோ, இத்தனை ஆண்டுகள் வெறுங்கண்ணால் செய்துவந்த காரியங்கள் அனைத்துக்கும், மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைப் படிப்பது உட்பட, அன்றிலிருந்து கண்ணாடி வேண்டியிருக்கும். ஆகவே மருத்துவரிடம் என் படிக்கும் பழக்கத்தை விளக்கிச் சொன்னேன். மைனஸ் 2.5 அளவுக்குக் கிட்டப்பார்வையை வேண்டுமென்றே விட்டுவைக்கலாம் என்றார். அப்படிச் செய்தால் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் தூரத்தில், அதாவது மடியில் விரித்த புத்தகம் இருக்கும் இடத்தில், கண்ணாடியின்றித் தெளிவாகத் தெரியும். தெருவில் இறங்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து வயதிலிருந்து போட்டுக்கொள்பவனுக்கு அது ஒரு குறையா?

ஆலோசனை அறையில் இருந்த பெண், பல குவிய லென்ஸின் விலையையும் காட்டினார். தூரம், கிட்டம் இரண்டுக்கும் பெரும்பாலும் கண்ணாடி வேண்டாம் என்பது அதன் கவர்ச்சி. உள்ளே வரும் ஒளியைப் பல குவியங்களுக்குப் பங்கிட்டுத் தருவதால், இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிவதும் மங்கலான வெளிச்சத்தில் துலக்கம் குறைவதும் சிலருக்கு உண்டு என்று நான் கேட்ட பிறகு அவர் ஒப்புக்கொண்டார். விலை அதிகம் என்பதாலேயே ஒரு லென்ஸ் நமக்கு ஏற்றதாகிவிடாது.

முடிவு எதுவானாலும் அதைக் கண்ணில் நிறைவேற்றித் தருவது அளவீடுதான். கருவிழியின் வளைவையும் கண்ணின் நீளத்தையும் அளந்து லென்ஸின் பவரைக் கணக்கிடுகிறார்கள். நீளத்தில் 1 மில்லிமீட்டர் பிசகினால் முடிவில் 2.5 முதல் 3 வரை பவர் மாறிவிடக்கூடும் என்பதால், திரும்ப அளக்க அழைத்தால் சலித்துக்கொள்ளாமல் உட்காருவது நல்லது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அளவீட்டுக்கு முன் மருத்துவர் சொல்லும் காலத்துக்கு அதை நிறுத்த வேண்டும். என் கண் நீளமானது என்பதால், கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையின் ஓரங்களையும் பார்த்தார்கள். கடுங்கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு விழித்திரை விலகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்.

சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன். புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசினைக் கண் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனை ஆண்களுக்குத் தோன்றும்? அந்த மருந்து சாப்பிடுபவர்களுக்கு அறுவையின்போது பாப்பா சரியாக விரியாமல் அதைச் சுற்றியுள்ள நிறத்திரை (ஐரிஸ்) தளர்ந்து நெளிவதுண்டு என்பது 2005இல் மருத்துவ இதழொன்றில் விவரிக்கப்பட்டது. மருந்தை நிறுத்தினாலும் விளைவு நீடிக்கக்கூடுமாம். முன்கூட்டித் தெரிந்தால் மருத்துவர் அதற்கான மருந்தோடும் கருவியோடும் ஆயத்தமாக இருப்பார். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் தாமாக நிறுத்திவிடாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அக்கா இன்னும், "நல்லா முத்தட்டும்டா, அப்புறம் எடுத்துக்கலாம்" என்கிறாள். எங்கள் அப்பத்தா காலத்தில் அதில் நியாயம் இருந்தது. புரையை எடுத்துவிட்டு உள்ளே எதையும் வைக்காமல், தடித்த சோடாபுட்டிக் கண்ணாடியைத் தருவார்கள். அந்தக் கண்ணாடியைவிடப் புரையே மேல் என்றிருக்கும்வரை காத்திருந்தார்கள். ஆங்கிலேயக் கண் மருத்துவர் ஹரால்டு ரிட்லி லண்டனில் 1949இலேயே கண்ணுக்குள் லென்ஸ் பொருத்திவிட்டார் என்றாலும், எளியவர்களுக்கு எட்டும் விலையில் அது கிடைப்பதற்கு, மதுரையில் 1992இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் போன்ற உள்நாட்டு உற்பத்தி வர வேண்டியிருந்தது. இப்போது முற்றவிட்டால், இறுகிப்போன புரையை உடைக்க அல்ட்ராசவுண்ட் ஆற்றல் கூடுதலாகத் தேவைப்படும். அது கருவிழிக்கு நல்லதல்ல. அக்காவின் பத்தியப் பட்டியலைப் பற்றி எழுதப்போவதில்லை. கத்தரிக்காய்க்கும் கண்ணுக்கும் உள்ள பகை அவளுக்கே வெளிச்சம்.

வீட்டில் பழகிக்கொள்ள வேண்டியவை இரண்டுதான். தலையணை உயரமில்லாமல் அரைமணி நேரம் மல்லாந்து அசையாமல் படுக்க முடிகிறதா என்று பார்ப்பது ஒன்று; இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். பல வாரங்களுக்குச் சொட்டு மருந்து விட வேண்டியிருப்பதால், கீழிமையை இழுத்து, குப்பியின் நுனி கண்ணில் படாமல் ஒரு சொட்டு விடப் பழகுவது மற்றொன்று. என் கை நடுங்குகிறது. மகள் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள்.

இடக்கண் அறுவை பின்னொரு நாளில்தான். அதுவரை ஒரு கண் மைனஸ் 2.5, மற்றது அதைவிடப் பன்மடங்கு என்றிருக்கும்போது எந்தக் கண்ணாடியும் இரண்டுக்கும் ஒத்துவராது. இரு கண்களும் காட்டும் உருவங்களின் அளவே வேறுபடும். அதனால் இடைவெளியைக் குறைவாக வைக்கும்படி கேட்டிருக்கிறேன். பழைய கண்ணாடியின் வலப்பக்க வில்லையை மட்டும் கழற்றித் தர எங்கள் தெருக் கண்ணாடிக் கடைக்காரர் சம்மதித்துவிட்டார். ஸ்கூட்டர் சாவியை மகள் இப்போதே வாங்கி வைத்துக்கொண்டாள்.