வகுப்பறையிலிருந்து வேட்பாளர் பட்டியலுக்கு

வட மாகாண சபைக்கு 2013 செப்ரெம்பர் 21ஆம் திகதி நடந்த முதலாவது தேர்தலில், கிளிநொச்சி மாவட்டத்தில் நானும் ஒரு வேட்பாளனாக நின்றேன். அதற்கு முன் பதினேழு ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்திருந்தேன். போருக்குப் பின் மீளக்குடியமர்ந்த எங்கள் கிராமத்தில், தகரக் கொட்டகையின் கீழ் படித்த சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டுகளாகக் கணித ஆசிரியர் இல்லை. மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களால் பயன் விளையாதபோதுதான், சபைக்குள் போய்க் கேட்பது என்று முடிவெடுத்து, சம்பளமற்ற விடுமுறையில் வேட்புமனுவில் கையொப்பமிட்டேன்.

பிரசாரம் எனக்கு வகுப்பாகவே அமைந்தது. பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வாக்குச்சீட்டை வரைந்து, கட்சிச் சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடி, பிறகு அந்தக் கட்சிப் பட்டியலில் விரும்பும் வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்களில் மூன்று வரை புள்ளடி என்று முற்றம் முற்றமாகக் காட்டினேன். நான்கு உறுப்பினர்களைத் தெரிவுசெய்யும் மாவட்டத்தில், என் பட்டியலில் இருந்தவர்களே விருப்பு வாக்குக்கு எனக்குப் போட்டியாளர்கள் என்பதுதான் எனக்கு மிகவும் கசந்தது.

ஒரு மாலை, மாமர நிழலில் தாளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "மாஸ்ரர், நான் உங்களுக்குப் புள்ளடி போட்டால் என்ரை பேரப்பிள்ளைக்குக் கணக்குப் படிப்பிக்க ஆள் வருமோ?" என்று கேட்டார். முதல் நாள் இரவுதான் 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தை வரிவரியாக வாசித்திருந்தேன். மாகாணப் பாடசாலைகள் சபைக்கு உரியவை, தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சுக்கு உரியவை என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனால், மாகாண அரச சேவைக்கான நியமனமும் இடமாற்றமும் சனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கையில் இருப்பதையும், அந்த அதிகாரத்தை அவர் ஒப்படைக்கக்கூடிய மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவின் உறுப்பினர்களை நியமிப்பவரும் அவரே என்பதையும் அன்றிரவுதான் முழுமையாக உணர்ந்தேன். "உடனே வரும் எண்டு சொல்ல ஏலாது அம்மா, கேக்கிற உரிமை மட்டும் எங்களுக்கு வரும்" என்றேன். என்னுடன் வந்த இளைஞர்கள் திரும்பும் வழியெல்லாம் கோபித்துக்கொண்டார்கள். ஆயினும், பொய்யான விடையைக் கரும்பலகையில் எழுதாதவன் முற்றத்தில் மட்டும் எப்படி எழுதுவது? அந்தப் பதிலைச் சொன்னதற்காக நான் இன்றும் வருந்தவில்லை.

தோற்றேன். விடுமுறை முடிந்ததும் அதே கொட்டகைக்குத் திரும்பினேன். மொத்தம் 38 ஆசனங்கள் கொண்ட அந்தச் சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் மாகாண சபைத் தேர்தல் நடத்தப்படவில்லை. நான் போட்டியிட்ட 2013ஆம் ஆண்டில் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளைகள் இப்போது வாக்காளர்களாகிவிட்டார்கள். மாகாண சபை வாக்குச்சீட்டை அவர்கள் கண்டதேயில்லை. குடியியல் பாட ஆசிரியர் வராத நாட்களில், வெண்கட்டியால் அதை வகுப்புப் பலகையில் வரைந்து காட்டுகிறேன்.