10 ரூபாய்ப் பங்குக்கு மதிப்புப் போட்ட கதை

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சந்தையில் லிஸ்ட் ஆகாத கம்பெனிதான். ஆனாலும் நிகர மதிப்பு 250 கோடியைத் தாண்டியதும் இண்ட் ஏஎஸ் என்ற கணக்கு விதிமுறைகள் கட்டாயமாகிவிட்டன. அதுவரை வாங்கின விலையிலேயே ஏட்டில் கிடந்த முதலீடுகளை எல்லாம் நியாய மதிப்புக்கு, அதாவது அன்றைக்கு விற்றால் கிடைக்கக்கூடிய விலைக்கு, கொண்டுவர வேண்டிய முதல் வருடம்.

மியூச்சுவல் ஃபண்ட் அரை மணி நேர வேலை. மார்ச் 31 என்ஏவியை, அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பை, யூனிட் எண்ணிக்கையால் பெருக்கினால் போதும். பஞ்சு இறக்குமதிக்காகப் போட்டிருந்த டாலர் ஃபார்வர்டு ஒப்பந்தங்களுக்கு (பின்னால் வாங்கும் டாலருக்கு இன்றே விலை பேசிவைப்பது) வங்கியே மதிப்புத் தாள் கொடுத்தது. அன்றைய ஃபார்வர்டு ரேட்டை வைத்து நாங்களும் ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொண்டோம்.

குடோன் அட்வான்ஸில்தான் முதல் கேள்வி வந்தது. 50 லட்சம், வட்டி கிடையாது, 5 வருடம் கழித்துத் திரும்பும். வருடத்துக்கு 9 சதவீத கூட்டு வட்டியைப் பின்னோக்கிக் கழித்தால் கொடுத்த அன்றைய மதிப்பு 32.50 லட்சம். இந்த 9 சதவீதம் எங்கள் வங்கி எங்களிடம் வாங்கும் வட்டி அல்ல, குடோன்காரர் வெளியே கடன் வாங்கினால் அவருக்கு ஆகக்கூடிய வட்டி. பணம் அவரிடம்தானே இருக்கிறது! எம்.டி. தாளைப் பார்த்துவிட்டு, “முழுசா 50 லட்சம் வரப்போகுதுங்களே, ஏனுங்க குறைக்கிறீங்க?” என்றார். “மீதி 17.50 லட்சம் நாம முன்கூட்டியே கொடுத்த வாடகைங்க சார். வட்டியில்லாம பணம் கொடுத்ததாலதான் அவர் வாடகையைக் குறைச்சாரு” என்றேன். ஒப்புக்கொண்டார்.

உண்மையில் என்னைத் திணறடித்தது காற்றாலைப் பங்கு. இங்கே மில் நடத்துபவர்களுக்கு இது தெரிந்த ஏற்பாடுதான். குரூப் கேப்டிவ் என்ற பெயரில், அதாவது பல மில்கள் சேர்ந்து பங்கு வைத்திருக்கும் மின் நிலையத்திலிருந்து சொந்த உபயோகத்துக்கு, மின்சாரம் வாங்க வேண்டுமானால், 2005 மின்சார விதிகளின்படி பயன்படுத்துவோர் எல்லாருமாகச் சேர்ந்து அந்த மின் நிலையத்தில் 26 சதவீதப் பங்காவது வைத்திருக்க வேண்டும். உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது பயன்படுத்த வேண்டும். அதற்காகவே ஒரு காற்றாலைக் கம்பெனியில் 10 ரூபாய் வீதம் 3 லட்சம் பங்கு வாங்கியிருந்தோம்.

நான் அந்தக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டை எடுத்து, நிகர சொத்தைப் பங்கு எண்ணிக்கையால் வகுத்தேன். ஒரு பங்கு 43 ரூபாய் வந்தது. லாபம் கூடுகிறதே என்ற சந்தோஷத்தோடு அனுப்பினேன். ஆடிட்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “43 ரூபாய் கொடுத்து இதை யாருங்க வாங்குவாங்க?”

அன்று சாயங்காலம் ஸ்டாம்ப் பேப்பர் ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பங்கை வேறொரு மின் நுகர்வோருக்கு மட்டுமே மாற்றலாம். டிவிடெண்ட் கிடையாது. ஒப்பந்தம் முடிந்ததும் 10 ரூபாய்க்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நடுவில் விலக வழியில்லை. இன்னும் 4 வருடம் பாக்கி. இந்தக் கட்டுப்பாடு எங்களுக்கு மட்டும் உரியது என்றால் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆனால் எங்களிடம் வாங்குபவரையும் இதே ஷரத்து கட்டும். அதாவது பங்கோடு ஒட்டிப் போகும் கட்டுப்பாடு, அதனால் விலையைக் குறைத்தே தீரும். இண்ட் ஏஎஸ் 113 சொல்வது இதைத்தான்.

வாங்கின விலையான 10 ரூபாயையே வைத்துக்கொள்ளும் மில்கள் உண்டு. நோட்டீஸ் கொடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம் என்றிருந்தால் அது சரி. எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி இல்லை. 4 வருடம் கழித்து வரும் 10 ரூபாயை 10 சதவீதத்தில் கழித்தேன்: 6.83 ரூபாய். 30 லட்சம், 20.49 லட்சமாக இறங்கியது.

சந்தை விலை இல்லாமல், சந்தையில் நேரடியாகப் பார்க்க முடியாத விகிதத்தை நாங்களே கணித்துப் போட்டதால் இது லெவல் 3 என்ற வகை. வட்டி விகிதம் 1 சதவீதம் கூடினால் 19.76 லட்சம், குறைந்தால் 21.25 லட்சம் என்று குறிப்பிலும் காட்டினோம். மதிப்பை விட, அந்த 10 சதவீதத்தை ஏன் எடுத்தோம் என்பதற்கான காகிதங்களைத்தான் ஆடிட்டர் அதிக நேரம் புரட்டினார். அது நியாயம் என்றே எனக்குப் பட்டது.

அந்த ஷரத்துப் பக்கத்தின் ஜெராக்ஸ்தான் இப்போது ஃபைலில் முதல் தாள். இந்த வருடம் பாக்கி 3 வருடம். அதே விகிதத்தில் 7.51 ரூபாய். விகிதம் மாறியிருக்கிறதா என்று வங்கியில் கேட்டிருக்கிறேன்.