டிரெய்லர் ஏன் ஆடுகிறது: பீன்யா பட்டறையிலிருந்து

பிக்கப் வண்டிக்குப் பின்னால் டிரெய்லர் கட்டி ஊர் சுற்றுகிறவர்கள் எங்கள் பட்டறைக்கு வந்ததும் கேட்பது, ஆட்டத்தை நிறுத்த என்ன கருவி வாங்கலாம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று. பலருக்கு அது சம்பந்தமில்லாத கேள்வியாகப் படுகிறது. ஆனால் டிரெய்லர் ஆடுமா ஆடாதா என்பதில் பெரும்பகுதி, வண்டி சாலையில் இறங்கும் முன்பே, எந்தச் சுமை எங்கே இருக்கிறது என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. மீதியை வேகம் முடிவு செய்கிறது. கருவியின் முறை அதற்குப் பிறகுதான்.

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் டிரெய்லர் கட்டும் பட்டறை ஒன்றில் வடிவமைப்பும் சோதனையும் என் பொறுப்பு. வெல்டிங் முழுவதும் தர்மபுரிக்காரர் ஒரு அண்ணன் கையில். நடமாடும் உணவகம், மருத்துவ முகாம் வண்டி என்று கட்டிக்கொண்டிருந்த எங்களிடம், படுக்கையும் சமையலறையும் கொண்ட பயண டிரெய்லர் கேட்டு வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். 2016இல் இசுஸு வி-கிராஸ், 2022இல் டொயோட்டா ஹைலக்ஸ் என்று சொந்த உபயோகத்துக்கான பிக்கப்கள் இங்கே விற்பனைக்கு வந்ததும் அதற்கு ஒரு காரணம்.

ஆட்டம் எப்படிப் பிறக்கிறது என்பதை வண்டி வாங்குகிற ஒவ்வொருவருக்கும் உட்கார வைத்துச் சொல்கிறேன். டிரெய்லரை மாட்டும் குண்டு, பிக்கப்பின் பின் அச்சுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் பின்னால் இருக்கிறது. டிரெய்லர் பக்கவாட்டில் நகர்ந்தால் அந்தக் குண்டைத் தள்ளுகிறது. பின் அச்சைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு மீட்டர் நெம்புகோலாகி, பிக்கப்பின் முகத்தையே திருப்பிவிடுகிறது. முகம் திரும்பிய பிக்கப் டிரெய்லரை மறுபக்கம் இழுக்கிறது. வேகம் குறைவாக இருந்தால் டயர்களின் பிடிப்பு இந்த ஊசலை இரண்டு மூன்று வீச்சுகளில் அடக்கிவிடும். வேகம் ஏற ஏற அடக்கும் சக்தி குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் இல்லாமலே போகிறது. அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகும். எல்லை வேகம் வண்டிக்கு வண்டி மாறும். அதே வண்டியிலும் சுமை வைத்த விதத்துக்கேற்ப மாறும். நேற்று 90இல் அமைதியாக வந்த டிரெய்லர் இன்று 75இல் ஆடுவதற்கு, பின்பக்க அலமாரியில் ஏற்றிய சாமான்களே போதும்.

அல்சூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். பணி ஓய்வுக்குப் பின் மனைவியோடு தமிழ்நாட்டுக் கோயில்களைச் சுற்றுவதற்காக, வேறு ஊரில் கட்டிய ஒரு டிரெய்லரை வாங்கியிருந்தார். தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்தில் டிரெய்லர் ஆடத் தொடங்கி, ஓட்டிய மருமகன் வெலவெலத்துப் போயிருக்கிறார். “தம்பி, அமெரிக்காவிலிருந்து ஆட்டத்தடுப்புக் கம்பி வரவழைக்கலாம் என்கிறார்கள், செலவைப் பற்றிக் கவலையில்லை” என்றார். “வாங்கலாம் ஐயா, முதலில் எடை பார்ப்போம்” என்றேன்.

எடை பார்ப்பது எளிது. தொட்டியை நிரப்பி, பயணத்துக்கு எடுத்துப்போகும் அத்தனை சாமானையும் ஏற்றிய பிறகு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். லாரிகள் நிற்கும் எடை மேடையில் டிரெய்லரைத் தனியாகக் கழற்றி, அதன் மூக்கைத் தாங்கும் முன்ஜாக்கியும் மேடைமேல் இருக்கும்படி நிறுத்தினால் மொத்த எடை. ஜாக்கியை மேடைக்கு வெளியே விட்டுச் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினால் சக்கரம் தாங்கும் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இழுவைக் கம்பத்தின் நுனியில் விழும் எடை. நாங்கள் அதை நுனி எடை என்போம். அது குறைந்தால் டிரெய்லர் எளிதில் ஆடும். லாரி எடை மேடை ஐந்து, பத்து கிலோ கணக்கில்தான் காட்டும் என்பதால், பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசிலும் ஜாக்கியை ஏற்றிச் சரிபார்க்கிறோம். அப்போது டிரெய்லர் தரைக்குச் சமமட்டமாக நிற்க வேண்டும். மூக்கு தூக்கியோ தாழ்ந்தோ நின்றால் எண் பொய் சொல்லும்.

பெரியவரின் டிரெய்லர் மொத்தம் 1,400 கிலோ. நுனி எடை 80. ஆறு சதவீதத்துக்கும் குறைவு. குண்டில் மாட்டும் சாதாரண டிரெய்லருக்கு அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் என்பது பொது விதி. ஐரோப்பாவில் 5 முதல் 7 சதவீதத்தோடு ஓட்டுகிறார்கள் என்று இணையத்தில் படித்துவிட்டு வாதாடுகிறவர்கள் உண்டு. அங்கே கேரவன்கள் எடை குறைவாகக் கட்டப்படுகின்றன, ஜெர்மனியில் கார் இழுக்கும் டிரெய்லருக்குப் பொதுவான வேக வரம்பே மணிக்கு 80 கிலோமீட்டர்தான், 100 போகத் தனி அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

80 கிலோ எதனால் என்று தேட வேண்டியிருக்கவில்லை. 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, குளியலறைக்குப் பக்கத்தில் வசதியாக இருக்கும் என்று அச்சுக்கு 1.6 மீட்டர் பின்னால். இன்வெர்ட்டர் பேட்டரி, அரைக் குவிண்டாலுக்கு மேல், அச்சுக்கு 2 மீட்டர் பின்னால், வாலில். இரண்டையும் அச்சுக்கு முன்னால் 40 சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவந்தோம். வெல்டர் அண்ணன் கட்டிலுக்கு அடியில் சேசிஸோடு சேர்த்து இரும்புத் தொட்டில் அடித்து, தொட்டியை இரண்டு பட்டைகளால் இறுக்கிக் கட்டினார். குண்டிலிருந்து அச்சு வரை 4 மீட்டர். தொட்டி 2 மீட்டர் முன்னேறியதால் நுனியில் 50 கிலோ கூடியது, பேட்டரியால் 33 கிலோ. மீண்டும் தராசில் வைத்தபோது முள் 160ஐ ஒட்டி நின்றது. பதினொரு சதவீதம். எண்ணைக் கூட்டுவதற்காக மூக்கில் ஒரு கிலோ இரும்புகூடப் புதிதாக ஏற்றவில்லை.

இதில் என்னை எப்போதும் வியக்க வைப்பது வேறு இரண்டு பலன்கள். தொட்டி பழைய இடத்தில் இருந்தபோது நிரம்பினால் ஒரு நுனி எடை, காலியானால் இன்னொன்று, வித்தியாசம் 40 கிலோ. அச்சுக்கு அருகே வந்தபின் அந்த வித்தியாசம் 10 கிலோவுக்குள் அடங்கிவிட்டது. அதாவது பயணத்தின் நடுவே தண்ணீர் தீர்ந்தாலும் வண்டியின் குணம் மாறாது. இன்னொன்று சுழல் நிலைமம். ஒரு சுமை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப ஆட்டத்தைத் தொடர வைக்கும் வலு அதற்கு வருகிறது. 1.6 மீட்டரில் இருந்த தொட்டி 0.4 மீட்டருக்கு வந்ததால் அதன் பங்கு பதினாறில் ஒன்றாகிவிட்டது. இதனால்தான், நுனி எடை வேண்டும் என்பதற்காக இழுவைக் கம்பத்தின் மூக்கிலேயே கனமான பெட்டி வைப்பதை நான் ஏற்பதில்லை. எண் சரியாக வரும். ஆனால் வாலில் ஒரு கனம், மூக்கில் ஒரு கனம் என்று ஆகிவிட்டால், ஆடத் தொடங்கிய டிரெய்லர் லேசில் நிற்காது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் சோதனை டிரெய்லரை வைத்துச் செய்த ஆய்விலும் இதே மூன்றுதான் பெரிய காரணிகளாக வந்தன: நுனி எடை, அச்சின் இடம், சுழல் நிலைமம்.

நுனி எடை கூடும்போது பிக்கப்பின் பின்பக்கம் இறங்கி முன் சக்கரங்கள் லேசாகின்றன. ஸ்டீயரிங் காற்றில் பிடித்தது போல் தோன்றும். டிரெய்லர் மாட்டும் முன்னும் பின்னும் முன் சக்கரத்தின் மேல் வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தால் தெரிந்துவிடும். எடையைத் திருப்பி முன் அச்சுக்கு அனுப்பும் வில்கம்பி ஹிட்ச் என்ற இணைப்பு அமெரிக்காவில் சர்வ சாதாரணம். அவர்களுடைய பிக்கப்புகளும் வேறு ரகம். நான்கு கதவு ஃபோர்டு எஃப்-150இன் இரு அச்சுகளுக்கு இடையே 3.6 மீட்டருக்கு மேல் வருகிறது. வி-கிராஸும் ஹைலக்ஸும் 3.1 மீட்டரை ஒட்டியவை. அச்சுகளுக்கு இடையே தூரம் குறையக் குறைய, அதே தள்ளலுக்கு வண்டி அதிகம் திரும்பும். ஆகவே அங்கே ஒருவர் இழுக்கும் 7 மீட்டர் டிரெய்லரின் படத்தைக் காட்டி, அதே போல் வேண்டும் என்று கேட்பவரிடம் முடியாது என்று சொல்லிவிடுகிறேன்.

அந்த வில்கம்பி ஹிட்ச்சையும் இங்கே கண்ணை மூடிக்கொண்டு மாட்ட முடியாது. இழுவைக் கம்பத்தில் அது கடுமையான முறுக்கு விசையைப் போடும். மெல்லிய சேனலில் அடித்த கம்பம் வெல்டிங் ஓரத்தில் கீறல் விடும். டிரெய்லர் முன்னால் முட்டும் அழுத்தத்தால் தானே பிடிக்கும் பிரேக் இருந்தால், சில வகை ஹிட்ச்சுகள் அந்த பிரேக்கை வேலை செய்ய விடாமல் இறுக்கிவிடும். பெரியவர் கேட்ட ஆட்டத்தடுப்புக் கம்பி, அதாவது உராய்வால் ஆட்டத்தை அடக்கும் கம்பி, எளிமையானது, நுனி எடை சரியாக உள்ள சிறிய டிரெய்லருக்குப் பக்கக்காற்றில் நல்ல துணை. மழையில் வழுக்கும் சாலையிலும், பின்னோக்கி எடுக்கும்போதும் அதைக் கழற்ற வேண்டும் என்பதை வாங்கித் தருகிறவர்கள் சொல்வதில்லை. புதிய பிக்கப்புகள் சிலவற்றில், ஆட்டத்தை உணர்ந்து தனித்தனிச் சக்கரத்தை பிரேக் பிடித்து எஞ்சின் வலுவைக் குறைக்கும் மின்னணு ஏற்பாடு வருகிறது. இருந்தால் மகிழ்ச்சி. அதை நம்பிச் சுமையைத் தவறாக ஏற்றலாம் என்று அர்த்தமில்லை.

டயர் காற்று, விளக்கு, பாதுகாப்புச் சங்கிலி இவற்றைப் பற்றி நீட்டி எழுத வேண்டாம். ஆனால் குண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 50 மில்லிமீட்டர் குண்டின் மேல், பெரிய அமெரிக்கக் குண்டுக்கான 58 மில்லிமீட்டர்ச் சொச்ச மூடியை மாட்டி ஓட்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பூட்டு விழும் சத்தம் கேட்கும், வெளியிலிருந்து பார்த்தால் மாட்டியது போலவே இருக்கும். ஒரு பெரிய பள்ளத்தில் கழன்று வந்துவிடும். எங்கள் பட்டறையில் மாட்டி முடித்ததும் முன்ஜாக்கியைச் சுற்றி டிரெய்லரின் மூக்கைத் தூக்குவோம். பிக்கப்பின் வாலும் சேர்ந்து எழ வேண்டும். குண்டு அங்கேயே நிற்க மூடி மட்டும் எழுந்தால், அந்த வண்டி வாசலைத் தாண்டாது. இதில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஓட்டுகிறவருக்குச் சொல்வது கொஞ்சம்தான். எங்கே ஆடும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தும்கூர், சிரா, ஹிரியூர் வழியாகச் சித்ரதுர்கா போகும் தேசிய நெடுஞ்சாலை 48 வடமேற்காக ஓடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று இடது விலாவில் நேராக அடிக்கும். சித்ரதுர்கா மலைகளின் மேல் காற்றாலைகளை நிறுத்தியிருக்கிறார்கள் என்றாலே அந்தக் காற்றின் பலம் புரிய வேண்டும். பெரிய பஸ் வலப்பக்கம் முந்தும்போது முதலில் டிரெய்லரை இடப்பக்கம் தள்ளும், கடந்து போகையில் தன் பக்கம் இழுக்கும். கண்ணாடியில் பஸ்ஸைக் கண்டதுமே காலைச் சற்றுத் தளர்த்தினால் போதும். தொப்பூர் போன்ற இறக்கத்தில் டிரெய்லர் பிக்கப்பை முன்னால் தள்ளுவதால், சமதரையில் ஆடாத வேகத்திலும் ஆடும். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், பாதி இறக்கத்தில் குறைப்பது தாமதம்.

ஆடிவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு வீச்சு சுமார் ஒன்று, ஒன்றரை நொடியில் முடிந்துவிடுகிறது. நாம் பார்த்து, புரிந்து, திருப்புவதற்குள் டிரெய்லர் மறுபக்கம் போயிருக்கும். நம் திருப்பம் அதற்கு உதவியாகவே போய்ச் சேரும். வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்று பழைய ஓட்டுநர்கள் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த யோசனையை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். எல்லை வேகத்தைத் தாண்டிய வண்டிக்கு இன்னும் வேகம் கொடுப்பது ஆளைக் கொல்லும் காரியம். டிரெய்லருக்கு மட்டும் தனி மின் பிரேக்கும் அதற்குக் கைப்பிடியும் இருந்தால் அதை மெல்ல அழுத்தலாம், டிரெய்லர் பின்னாலிருந்து இழுபட்டு நேராகும். அது இல்லாதவர் கால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், வேகம் தானாக விழும்வரை பொறுக்க வேண்டும்.

அல்சூர் பெரியவர் அதன்பின் திருவண்ணாமலைக்கும் மதுரைக்கும் போய் வந்துவிட்டார். மருமகன் 80ஐத் தாண்டுவதில்லை என்று பெரியவரின் மனைவி என்னிடம் பெருமையாகச் சொன்னார். கம்பி வாங்கவில்லை.

இப்போது பட்டறையில் ஒரு புதிய டிரெய்லர் சட்டமாக நிற்கிறது. உரிமையாளருக்குச் சமையலறை வாலில்தான் வேண்டும், பின்கதவைத் தூக்கி வெளியே நின்று சமைக்க வேண்டும். நியாயமான ஆசை. அடுப்பு மட்டும் பின்னால் இருக்கட்டும், தண்ணீரும் குளிர்பெட்டியும் நடுவே வரட்டும் என்று பேசி, அச்சைப் பின்னுக்கு 15 சென்டிமீட்டர் நகர்த்தியிருக்கிறேன். குளிர்பெட்டிக்காகப் படுக்கையின் நீளத்தில் ஒரு சாண் விட்டுத்தர வேண்டும், அவர் உயரமானவர். வெல்டர் அண்ணன் அச்சுத் தாங்கிகளை இன்னும் புள்ளி வெல்டிங்கில்தான் நிறுத்தியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உரிமையாளர் வந்து படுத்துப் பார்த்த பிறகு முழு வெல்டிங்.