பூஸ்டர் பெட்டியைவிட ஆன்டெனா வைக்கும் இடம் முக்கியம்

மொட்டை மாடியில் நன்றாகப் பேச முடிகிற போன், படியிறங்கி உள்ளே வந்ததும் கட்டாகிவிடும். கம்பி கட்டிய கான்கிரீட்டும், வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு கொடுத்த ஜன்னல் கண்ணாடியும் சேர்ந்து அலைகளை வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன. வீட்டு வைஃபை வழியாகவே அழைப்பு போகும் வைஃபை காலிங் போதாதா என்றால், எங்களுக்குப் போதும். வந்து போகிறவர்கள் எல்லோருடைய போனிலும் அது இருக்காதே. அதனால்தான் பூஸ்டர்: வெளி ஆன்டெனா பிடிக்கும் சிக்னலைப் பெட்டி பெருக்கும், உள் ஆன்டெனா அதை வீட்டுக்குள் பரப்பும்.

முதலில் அனுமதி. செல்போன் நிறுவனத்தின் ஒப்புதலில்லாமல் பூஸ்டர் வைப்பது பல நாடுகளில் சட்டவிரோதம். மட்டமான கருவி டவரைக் குழப்பி அக்கம்பக்கத்தார் இணைப்பையும் கெடுக்கும். நிறுவனத்திடம் பேசி, அவர்கள் ஏற்கும் மாடலாக, அவர்களுடைய அலைவரிசைகளுக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்கினேன்.

அப்புறம் அளவெடுப்பு. திரையில் தெரியும் கோடுகளை நம்பிப் பயனில்லை, போனுக்குப் போன் மாறும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் சிம் நிலையைப் பார்த்தால், சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் எண் கிடைக்கும். மைனஸ் எண்தான், பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது. மாடியில் -85-ஐ ஒட்டி இருந்தது, கூடத்தில் -115-க்கும் கீழே. இந்த எண் 10 குறைந்தால் சிக்னலின் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பதால், இது பெரிய இறக்கம். மாடியிலும் சுத்தமாக சிக்னல் இல்லையென்றால் பூஸ்டர் வாங்கிப் பிரயோஜனமில்லை. இருப்பதைத்தான் அது பெருக்கும்.

வெளியே வைப்பது யாகி ஆன்டெனா, ஒரு திசையை நோக்கிப் பிடிக்கும் வகை. கொஞ்சம் திருப்பி, எண் புதுப்பிக்கும்வரை காத்திருந்து, மறுபடி திருப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரிந்த டவர் பக்கம் திருப்பியபோது வந்ததைவிட, சற்று விலகிய திசையில் நல்ல எண் வந்தது. எந்த டவரோ, யார் கண்டது!

அதிக நேரம் தின்றது இரண்டு ஆன்டெனாக்களையும் பிரித்து வைப்பதுதான். உள்ளே பரப்பும் சிக்னலை வெளி ஆன்டெனா திரும்பப் பிடித்தால், ஸ்பீக்கர் முன்னால் மைக் பிடித்ததுபோல் பூஸ்டர் ஊளையிட ஆரம்பிக்கும். சத்தம் கேட்காது, பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கும், கருவி தானாகவே பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். யாகியை மாடியின் மறுகோடிக்குக் கொண்டுபோய், குழாயில் உயர்த்திக் கட்டி, உள் ஆன்டெனாவின் முகத்தை அதற்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பினேன். விளக்கு பச்சையானது.

கேபிள் நீளமாக ஆக சிக்னல் கரையும். மிச்சத்தைச் சுருட்டி வைக்காமல் வெட்டிவிட்டேன். வெளி இணைப்புகளுக்கு ரப்பர் டேப் சுற்றி, சுவருக்குள் நுழையுமுன் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டேன். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இடிதாங்கிக் கருவியும் எர்த்தும் கட்டாயம். எல்லா கேபிளையும் மாட்டி முடித்த பிறகே கரண்ட் கொடுத்தேன்.

இப்போது கூடத்தில் -90 சுற்றி நிற்கிறது, பேச்சு அறுவதில்லை. பின்னறைக்கு இன்னும் எட்டவில்லை. அங்கே பழையபடி வைஃபை காலிங்தான்.